ஆசிரியராக விரும்பும் முதல் தலைமுறைப் பட்டதாரியை எந்த மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்வது?

அரசுக் கலைக் கல்லூரியில் இளங்கலை இறுதியாண்டு படிப்பவர்களிடம் அடுத்து என்ன என்று கேட்டால், வகுப்புக்குப் பத்துப் பேராவது ஆசிரியராக வேண்டும் என்பார்கள். அதற்கு எங்கே விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். நம் முகத்தைப் பார்ப்பார்கள். வீட்டில் இதற்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்திராத பிள்ளைக்கு, அந்த நேரத்தில் ஆசிரியர் வாயிலிருந்து வரும் ஒரு கல்லூரியின் பெயரே முடிவாகிவிடுகிறது. அந்தப் பெயரைச் சொல்லும் இடத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். அவசரத்தில் சொன்ன பெயர்கள் சிலருக்கு இரண்டு ஆண்டுகளை வீணடித்திருக்கின்றன என்பதை ஒப்புக்கொண்டுதான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். இது மாணவர்களைவிட, அவர்களுக்கு விண்ணப்பத்தில் கைகொடுக்கும் ஆசிரியர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் ஊரில் முன்பே படித்துவிட்ட அண்ணன், அக்காக்களுக்கும் உரியது.

நம் உதவி ஏன் இந்த இடத்தில் தேவைப்படுகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தந்து பிள்ளைகளைக் கல்லூரிக்குள் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஆனால் அந்தப் பணம் இளங்கலையோடு நின்றுவிடும். முதல் பட்டதாரிச் சலுகை தொழிற்கல்விப் படிப்புகளுக்கானது; அந்தச் சான்றிதழைக் காட்டினால் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு வருபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்; அங்கே அதற்கு மதிப்பில்லை. பட்டம் வாங்கும் வரை கையைப் பிடித்துக்கொண்டு வந்த ஏற்பாடுகள் பட்டம் வாங்கிய அன்றே விலகிக்கொள்ள, அதற்கடுத்த விண்ணப்பத்தை மாணவர் தனியாகப் போட வேண்டியிருக்கிறது.

எந்தப் படிப்பு உயர்ந்தது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கக் கூடாது. முதலில் இரண்டு செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். படித்து முடித்து எந்த வேலைக்குப் போக விருப்பம் என்பது ஒன்று: அரசுப் பள்ளியில் பாடம் நடத்துவது, கல்வியியல் கல்லூரியில் வருங்கால ஆசிரியர்களுக்குக் கற்பிப்பது, பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சி, ஆய்வு எனப் பள்ளிக்கு வெளியே கல்விக்காக வேலை செய்வது ஆகிய மூன்றும் வெவ்வேறு சான்றிதழ்களைக் கேட்கும் வெவ்வேறு உலகங்கள். இன்னும் எத்தனை ஆண்டுகள் இவருடைய சம்பளம் இல்லாமல் வீடு தாங்கும் என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியைக் கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் அதைக் கேட்காமல் தரும் ஆலோசனை, வசதியான வீட்டுப் பிள்ளைக்குத் தரும் ஆலோசனையாகவே இருக்கும்.

பெரும்பாலோருக்குப் பொருந்தும் வழி, தான் படித்த பாடத்திலேயே முதுகலை முடித்து அத்துடன் பி.எட். சேர்த்துக்கொள்வது. அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராவதற்கு இந்த இரண்டும் வேண்டும். அரசுக் கல்லூரியில் முதுகலைக்கு ஆண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும், வீட்டிலிருந்தே போய்வரலாம், நுழைவுத் தேர்வும் கட்டுரையும் கிடையாது. இதில் உள்ள சிக்கல் விண்ணப்பத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது. 2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு என்பதால் மொத்தம் நான்கு ஆண்டுகள் போய்விடும். அதன் பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும். முதுகலை ஆசிரியர் பணிக்கு 2021 செப்டம்பரில் வந்த அறிவிப்புக்கு அடுத்தது 2025 ஜூலையில்தான் வந்தது. வீடு நான்கு ஆண்டுகள் தாங்காது என்று தெரிந்தால், முதலில் பி.எட். முடித்து ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டின் இரண்டாம் தாளை எழுதி, ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே முதுகலைக்கு வரும்படி சொல்வேன். அந்த வரிசையில் இரண்டாம் ஆண்டு முடிவிலேயே ஒரு சிறு வருமானம் தொடங்கிவிடும்.

இங்கே எளிதில் கவனிக்காமல் விட்டுவிடும் ஒரு செய்தியும் உண்டு. தமிழ்வழியில் படித்தோருக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டபோது, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை தமிழ்வழியிலேயே படித்திருக்க வேண்டும் என்று ஆனது. பள்ளியிலும் இளங்கலையிலும் தமிழ்வழியில் வந்த ஒருவரை, பெயர் பெற்ற கல்லூரி என்பதற்காக ஆங்கிலவழி முதுகலையில் சேர்த்துவிட்டால், முதுகலை ஆசிரியர் பணிக்கு அவர் கையில் இருந்த ஒரு முன்னுரிமையை நாமே பறித்ததாகிவிடும். வரலாறு, பொருளியல், கணிதம் படிப்பவர்களுக்கு இதைக் கட்டாயம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

எம்.எட். என்றதும் பி.எட்.டுக்கு மேலே உள்ள பட்டம் என்றே பலர் நினைக்கிறார்கள். பள்ளியில் பாடம் நடத்த விரும்புபவருக்கு அது தேவையில்லை. முன்பெல்லாம் பணியில் இருந்த ஆசிரியர்கள் ஊக்க ஊதிய உயர்வுக்காக அதைப் படித்தார்கள். உயர்கல்வித் தகுதிக்கான அந்த முன் ஊதிய உயர்வை அரசு 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. எனவே எம்.எட். இன்று, கல்வியியல் கல்லூரியில் ஆசிரியராக விரும்புபவருக்கான படிப்பு. அதுவும் கல்லூரி ஆசிரியருக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது முனைவர் பட்டத்தோடு சேர்ந்தால்தான் நிற்கும். இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவரிடம், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சுயநிதிக் கல்லூரியை மட்டும் பார்க்காமல் மைசூரையும் பார்க்கச் சொல்வேன். தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி.யின் கீழ் 1963-இல் தொடங்கிய மைசூர் மண்டலக் கல்வி நிறுவனம் தமிழ்நாடு, புதுச்சேரி உள்ளிட்ட தென் மாநிலங்களுக்கென்றே இருப்பது. வளாகத்திலேயே செயல்முறைப் பள்ளி இருக்கிறது. பொது நுழைவுத் தேர்வின் வழியே எம்.எட். சேர்க்கை நடக்கிறது. இத்தனை ஆண்டுகளில் என்னிடம் வந்தவர்களில் அந்தப் பெயரைத் தாமாகச் சொன்னவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே. வருகைப் பதிவுக்கு மட்டும் மாதம் ஒருமுறை வந்துபோனால் போதும் என்று சொல்லும் கல்லூரிகள் நம் பக்கத்திலும் உண்டு. அங்கே வாங்கும் எம்.எட். தேர்வுக்குத் தகுதி தரும், வகுப்பறைக்கு ஒன்றும் தராது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2025 தொடக்கத்தில் வெளியிட்ட வரைவு விதிமுறைகளில் ஓராண்டு பி.எட்.டும் ஓராண்டு எம்.எட்.டும் மீண்டும் பேசப்பட்டிருக்கின்றன என்பதால், சேரும் ஆண்டில் படிப்பின் கால அளவையும் கல்லூரியின் அங்கீகாரத்தையும் சரிபார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும்.

மூன்றாவது வழிதான் ஆலோசனை சொல்பவரின் உழைப்பை அதிகம் கேட்பது: கல்வியியலில் எம்.ஏ. பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகமும், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் நம் மாணவர்கள் எட்டிப் பார்க்கக்கூடிய இரண்டு இடங்கள். பள்ளி ஏன் சிலரை உள்ளே இழுத்து, சிலரை வெளியே தள்ளுகிறது என்பதைத் தன் உடம்பாலேயே அறிந்த ஒரு பிள்ளைக்கு அந்த அறிவைப் படிப்பாக மாற்றிக்கொள்ள இடம் தருவது இந்தப் படிப்புதான் என்பது என் எண்ணம். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும். கல்வியியல் எம்.ஏ. பி.எட்.டுக்கு ஈடாகாது, அதை வைத்துக்கொண்டு டெட் எழுத முடியாது, அரசுப் பள்ளியில் ஆசிரியராக முடியாது. இதைத் தெரியாமல் சேர்ந்து, இரண்டு ஆண்டு கழித்து மறுபடியும் பி.எட். வாசலில் வந்து நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். அந்த எம்.ஏ.வுக்குப் போகச் சொன்னவன் நான்.

இரண்டு நிறுவனங்களும் ஒன்றல்ல. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2010-இல் கர்நாடகச் சட்டத்தின்படி அமைந்த தனியார் பல்கலைக்கழகம். தனக்கென்று ஒரு நுழைவுத் தேர்வும் நேர்காணலும் வைத்திருக்கிறது. குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தோடு தங்குமிடம், உணவு ஆகியவற்றுக்கும் முழுமையாகவோ பகுதியாகவோ உதவித்தொகை தருகிறது என்பதே நம் மாணவர்களுக்கு அது திறந்திருப்பதன் காரணம். அந்தப் பல்கலைக்கழகத்தை நடத்தும் அறக்கட்டளை புதுச்சேரி உட்படப் பல இடங்களில் அரசுப் பள்ளிகளோடு வேலை செய்வதால், படிப்புக்குப் பிறகான வேலை எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே நேரில் பார்க்கவும் முடியும். டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1936-இல் தொடங்கியது. ஆய்வுப் பாரம்பரியம் நீண்டது. தன் சொந்த நுழைவுத் தேர்வைக் கைவிட்டு, இப்போது மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் முதுநிலைத் தேர்வின் வழியே மாணவர்களை வடிகட்டி, அதன் பிறகு அந்தந்தப் படிப்புக்கான தன் திறனறித் தேர்வையும் இணையவழி நேர்காணலையும் நடத்துகிறது. அங்கே இட ஒதுக்கீடு உண்டு. பணத்தைப் பொறுத்தவரை கவனமாக இருக்க வேண்டும்: பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்போருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குத் தகுதியுள்ள பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கிடைத்துவந்த கட்டண விலக்குக் குறைக்கப்பட்டதை எதிர்த்து 2018 பிப்ரவரியில் அங்கே மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உதவித்தொகை பின்னால் வரும், கட்டணமும் விடுதிப் பணமும் முன்னால் கட்ட வேண்டும் என்ற நிலை வந்தால் இடையில் யார் தருவது என்பதை முடிவுசெய்துவிட்டே ரயில் ஏற்ற வேண்டும். பணம் ஒன்றே தடை என்றால் பெங்களூரை முதலில் வைப்பேன். ஆய்வில் நாட்டமும், நெட் எழுதி ஆய்வு உதவித்தொகை பெறும் திட்டமும் இருந்தால் மும்பையை முதலில் வைப்பேன்.

க்யூட் தேர்வில் நம் மாணவர்களுக்கு இரண்டு தடைகள். மொழிப்பாடங்கள் தவிர வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். இதை மூன்று மாதப் பயிற்சியில் ஓரளவு சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது நாட்காட்டி. 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் க்யூட் முதுநிலை விண்ணப்பம் பிப்ரவரி இரண்டாம் வாரத்திற்குள் முடிந்து, மார்ச்சில் தேர்வு தொடங்கியது. நம் ஊரில் மேற்படிப்பைப் பற்றிப் பேச்சே மே மாதம் ரிசல்ட் வந்த பிறகுதான் எழும். அந்த நேரத்தில் வெளியூர்க் கதவுகள் எல்லாம் சாத்தியிருக்கும். திறந்திருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதையே விருப்பம் என்று சொல்லிக்கொள்வார்கள். ஐந்தாம் செமஸ்டர் நடக்கும்போதே, அதாவது தீபாவளிக்கு முன்பே, இந்த உரையாடலைத் தொடங்கிவிட வேண்டும்.

சான்றிதழ் இன்னொரு குழி. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் என்று நம் வட்டாட்சியர் அலுவலகம் தரும் நிரந்தரச் சாதிச் சான்றிதழ் மத்திய அரசு நிறுவனங்களில் செல்லாது. அங்கே ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) வளமான பிரிவினர் அல்லாதோர் என்ற மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும்; அதுவும் அந்த நிதியாண்டில், ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இருப்பதில்லை என்பதால் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டே இ-சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டும். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் வளமான பிரிவைக் கணக்கிடும் 8 லட்சம் ரூபாய் வருமான வரம்பில் சேராது என்பது தெரியாமல், தகுதியிருந்தும் பொதுப்பிரிவில் விண்ணப்பித்த ஒரு மாணவரைப் பார்த்திருக்கிறேன். பழங்குடி மாணவருக்குச் சான்றிதழ் தருபவர் கோட்டாட்சியர். விசாரணை முடிந்து கைக்கு வருவதற்குள் ஒரு செமஸ்டரே போய்விடும். ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு தரும் நோக்கக் கட்டுரையான எஸ்.ஓ.பி. எழுதக் கற்றுக்கொடுப்பதற்கு முன் இந்தக் காகிதங்களைப் பார்ப்பதே உண்மையான முதல் உதவி.

எஸ்.ஓ.பி.யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் துறையில் ஒரு மாணவி, கல்வியியல் எம்.ஏ.வுக்கு விண்ணப்பிக்க ஒரு பக்க ஆங்கிலக் கட்டுரையோடு வந்தார். பிரௌசிங் சென்டரில் யாரோ எழுதிக் கொடுத்தது. கல்வியால் சமுதாயத்தை மாற்றுவதே என் லட்சியம், வறுமையான குடும்பத்தில் பிறந்தேன், ஆசிரியப் பணி அறப்பணி என்று போனது. அதை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை என்ன செய்தாய் என்று தமிழில் கேட்டேன். 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் அவர் மாதம் 1,000 ரூபாய்க்குத் தன் தெருவிலுள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். 23-ஐயும் 9-ஐயும் கூட்டச் சொன்னால் அவன் சிலேட்டில் 212 என்று எழுதுவானாம். மூன்றும் ஒன்பதும் பன்னிரண்டு, பக்கத்தில் ஒரு இரண்டு. அவன் கணக்கில் பிழையே இல்லை. அவர் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, இரண்டு கட்டும் மூன்று உதிரிக் குச்சியும் அவன் முன்னால் வைத்து, இன்னும் ஒன்பது குச்சியைக் கையில் கொடுத்தாராம். அவன் பன்னிரண்டை எண்ணிப் பத்தைத் தானாகக் கட்டிவிட்டு, இதை அந்தக் கட்டுகளோடு வைக்கவா, குச்சிகளோடு வைக்கவா என்று கேட்டானாம். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னால் சரி என்று தெரியாமல் அன்று இரவு தூக்கம் வரவில்லை என்றார் அவர்.

விண்ணப்பத்தில் எழுத வேண்டியது அந்த இரவுதான். நான் எழுதிக் கொடுக்கவில்லை. முதலில் தமிழிலேயே முழுவதும் எழுதச் சொன்னேன். பிறகு அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதச் சொன்னேன். நான் இலக்கணத்தை மட்டும் திருத்தினேன். ஆறு முறை எழுதினார். நாமே எழுதிக் கொடுத்திருந்தால் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். நேர்காணலில் முதல் கேள்விக்கே அது உடைந்தும் போயிருக்கும். அமெரிக்காவில், ஆண்டோவர் ஊரிலுள்ள பிலிப்ஸ் அகாடமியில் 1990-இல் ஆசிரியர்களைத் தேர்ந்து வளர்ப்பதற்கென்றே தொடங்கிய ஓர் அமைப்பு, சிறுபான்மைப் பின்னணியிலிருந்து வரும் இளைஞர்களின் மேற்படிப்பு விண்ணப்பங்களைப் பல வரைவுகளாகத் திருத்தித் தருவதையும், உடன்பட்ட பல்கலைக்கழகங்களில் விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய வைப்பதையும் தன் முக்கிய வேலையாகவே வைத்துக்கொண்டது. நம்மிடம் அப்படி ஒரு ஏற்பாடு இல்லாததால், இரண்டு தாளுக்கு ஏறக்குறைய 1,000 ரூபாயும் அதற்கு மேலும் போகும் க்யூட் கட்டணத்தை முன்னாள் மாணவர்கள் சேர்ந்து கட்டுவது நல்ல உதவி. ஆனால் பணம் மட்டும் கொடுத்து ஆறு வரைவுகளுக்கு நேரம் கொடுக்க ஆளில்லை என்றால், அந்தப் பணத்தை வெளியூர் விண்ணப்பத்தில் போடுவதைவிட பி.எட். கட்டணத்தில் போடுவது மேல் என்பேன்.

பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி என்று துறைக்கு ஒரே மாதிரியாக அச்சடித்து வைத்திருக்கும் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பவர்கள், அதைக் கொடுக்காமலேயே இருக்கலாம்.

தொலைநிலைக் கல்வியை நான்காவதாகச் சொல்கிறேனே தவிர, அதைத் தாழ்வாகச் சொல்லவில்லை. வீட்டில் இவர் ஒருவரே சம்பாதிக்கிறார் என்றால், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் எம்.ஏ.வை வேலையோடு சேர்த்துப் படிக்கலாம். சென்னையிலும் மதுரையிலும் மண்டல மையங்கள் இருக்கின்றன. பாடநூல்கள் நன்றாகவே இருக்கும். இல்லாதது விவாதிக்கும் வகுப்பறையும் நண்பர்களும். முதல் தலைமுறை மாணவருக்கு வேறெங்கும் கிடைக்காதவையும் அவையே. வெளிநாட்டுப் படிப்பைப் பொறுத்தவரை, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இளங்கலை முடித்த கையோடு அதற்குத் துரத்துவதைவிட, இரண்டு ஆண்டு வகுப்பறை அனுபவத்துக்குப் பிறகு விண்ணப்பிப்பவரின் கட்டுரையில் சொல்ல ஏதாவது இருக்கும்.

ஆகவே, அரசுப் பள்ளி வேலைதான் குறிக்கோள், வீட்டில் அவசரமும் இருக்கிறது என்றால் பி.எட்.; அவசரமில்லை என்றால் தமிழ்வழி முதுகலை, பிறகு பி.எட்.; ஆசிரியர்களுக்கு ஆசிரியராக விருப்பமென்றால் மைசூர் நுழைவுத் தேர்வு; கேள்விகளோடு வரும் பிள்ளை, உதவித்தொகைக்கு வாய்ப்பிருக்கிறது, சான்றிதழ்களும் கையில் இருக்கின்றன என்றால் தயங்காமல் கல்வியியல் எம்.ஏ. இரண்டும் வேண்டும் என்பவருக்கு பி.எட். முதலில், எம்.ஏ. அடுத்து. கல்வியியல் கல்லூரியில் கல்வி அடிப்படைகள் கற்பிக்க விரும்புவோருக்கும் பி.எட்.டோடு சேர்ந்த கல்வியியல் எம்.ஏ. ஒரு தகுதியாக ஏற்கப்பட்டிருக்கிறது என்பதால், அந்த வரிசையில் எதுவும் வீணாவதில்லை.

ஈர்க்குச்சி எழுதிய மாணவிக்கு நேர்காணல் அழைப்பும் வந்தது, இடமும் பகுதி உதவித்தொகையும் கிடைத்தன. மீதிப் பணத்துக்கு வீட்டில் வழியில்லை. தம்பி பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தான். அவர் பி.எட். சேர்ந்தார். போ என்று நான் சொல்லவுமில்லை, வேண்டாம் என்று தடுக்கவுமில்லை. இப்போது இரண்டாம் ஆண்டில், ஒரு நடுநிலைப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சியில் இருக்கிறார். போன வாரம் தொலைபேசியில் பேசியபோது, ஏழாவது வரைவை எழுதிக்கொண்டிருப்பதாகவும், மும்பைக்கும் சேர்த்து விண்ணப்பிக்கப் போவதால் ஏப்ரல் பிறந்ததும் ஓ.பி.சி. சான்றிதழைப் புதிதாக வாங்க வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்து வைத்திருப்பதாகவும் சொன்னார்.